மேல்படியில் நிற்கும் கீழ்ச்சம்பளம்: ஒரகடம் வட்டாரமும் 1998ஆம் ஆண்டுத் தொழில் வரி அட்டவணையும்

ஒரகடத்தில் ஓர் உதிரிபாக ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளராக மாதம் 15,000 ரூபாய் வாங்குபவருக்கு வருமான வரி கிடையாது. 2025-26 நிதிநிலை அறிக்கை 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரி இல்லை என்று அறிவித்ததால் வந்த சலுகை அல்ல இது. 2023இல் அந்த எல்லை 7 லட்சமாக இருந்தபோதும், அதற்கு முன் 5 லட்சமாக இருந்தபோதும் அவருக்கு வருமான வரி இருந்ததில்லை. ஆனால் தமிழ்நாட்டின் தொழில் வரி அட்டவணையில் அவர் இடம் வேறு. அரையாண்டில் 90,000 ரூபாய் ஈட்டும் அவர் அங்கே கடைசிப் படியில், மிக உயர்ந்த வருமானத்தாருக்கு என்று வகுக்கப்பட்ட படியில் நிற்கிறார். அரையாண்டுக்கு 1,250 ரூபாய், ஆண்டுக்கு 2,500. அதே ஆலையின் தலைமை நிர்வாகியும் கட்டுவது 2,500தான்.

குறைந்த வருமானக் குடும்பங்களின் வரிச்சுமை பற்றிய எழுத்துகளில் ஒரு முன்முடிவு ஊறிக்கிடக்கிறது. நேர்முக வரி அவர்களைத் தொடுவதில்லை, தொடுவதெல்லாம் மறைமுக வரிதான். எனவே சுமையைக் குறைப்பது என்றால் ஜிஎஸ்டி விகிதத்தையும் எரிபொருள் வரியையும் குறைப்பது. தொழில் வரி பேசப்படும் அரிதான இடங்களிலும் ‘உள்ளாட்சியின் சிறு வருவாய்’ என்றோ ‘படிகள் கொண்ட வளர்வீத வரி’ என்றோ ஒரு வாக்கியத்தில் அது முடிந்துவிடும். முன்முடிவின் முதல் பாதியை நான் மறுக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5ஆக இறங்கியதும், 350 சிசி வரையிலான பைக்குகளுக்கும் சிமெண்டுக்கும் 28இலிருந்து 18ஆக இறங்கியதும் இவ்வட்டாரக் குடும்பங்களுக்குப் பொருளுள்ள மாற்றங்களே. கூட்டிப் பார்த்தால் மறைமுக வரியின் எடை தொழில் வரியைவிடப் பெரிது என்பதிலும் ஐயமில்லை. என் பிணக்கு இரண்டாம் பாதியோடு. தொழில் வரி வளர்வீத வரி அல்ல. ஒரு காலத்தில் அப்படி இருந்தது, இப்போது இல்லை. இந்த மாற்றம் எந்தச் சட்டமன்ற முடிவாலும் நேரவில்லை, அட்டவணையை எழுதிய முறையிலேயே அதற்கான வழி இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அட்டவணையை வாசித்தல்

தமிழ்நாட்டில் இன்றுள்ள வடிவில் தொழில் வரியை உள்ளாட்சிகளுக்கு அளித்தவை 1998ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டங்கள். அவற்றின் அட்டவணை மிகச் சிறியது. ஆறு மாத வருமானம் 21,000 ரூபாய் வரை வரி இல்லை. 21,001 முதல் 30,000 வரை 75 ரூபாய். 45,000 வரை 188. 60,000 வரை 390. 75,000 வரை 585. அதற்கு மேல் எவ்வளவு ஈட்டினாலும் 810. மொத்தம் ஆறே வரிசை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விவாதம் இந்த அட்டவணையை எந்த ஆண்டில் நின்று வாசிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

முதலில் 1998இல் நின்று பார்ப்போம். ஒவ்வொரு படியின் வாசலிலும் வரி வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டால் கிடைப்பவை: முதல் படியில் 0.36, அடுத்ததில் 0.63, பிறகு 0.87, 0.98, கடைசியில் 1.08. வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறுகிறது. கடைசிப் படிக்குள் நுழைந்தபின் தொகை நிலைத்துவிடுவதால் விகிதம் மீண்டும் சரியும் என்பது உண்மை. ஆனால் அன்று அந்தப் படியில் நின்றவர்கள் யார்? மாதம் 12,500 ரூபாய்க்கு மேல் பெற்றவர்கள். ஐந்தாவது மத்திய ஊதியக் குழுவின் அடிப்படை ஊதியங்கள் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தன. கடைநிலை ஊழியருக்கு 2,550 ரூபாய், கீழ்நிலை எழுத்தருக்கு 3,050, ஐஏஎஸ் உள்ளிட்ட முதல்நிலைப் பணிகளில் புதிதாகச் சேரும் அதிகாரிக்கு 8,000. அதாவது மாதம் 3,500 என்ற விலக்கு எல்லை கடைநிலை ஊழியரை வரிக்கு வெளியே நிறுத்தும் அளவில் இருந்தது. 12,500 என்ற மேல்படியைத் தொட அன்றைய இளம் அதிகாரி பல ஊதிய உயர்வுகளைக் கடந்திருக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளிவந்த ஆண்டும் அதுதான். அந்தக் காரை வாங்கக்கூடியவர்களுக்கான படி என்று அந்த மேல்படியைச் சொன்னால் பெரிய மிகையாகாது. இந்த அட்டவணையை வளர்வீத வரி என்று எழுதியவர்கள் 1998இல் நின்று எழுதியிருந்தால் அவர்கள் சொன்னது சரி.

அட்டவணையை வகுத்தவர்கள் வருமான வரியையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று ஊகிக்க இடமிருக்கிறது. 1998-99இல் மத்திய வருமான வரி விலக்கு எல்லை ஆண்டுக்கு 50,000 ரூபாய். தொழில் வரியின் விலக்கு எல்லை ஆண்டுக் கணக்கில் 42,000. இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம். தொழில் வரியின் மேல்படி தொடங்கும் 1,50,000 ரூபாயோ, வருமான வரி எல்லையைப்போல மூன்று மடங்கு. இந்த நெருக்கம் தற்செயலா, திட்டமிட்டதா என்பதை அட்டவணையே சொல்லாது. திட்டமிட்டது என்றே நான் கருதுகிறேன். ஆனால் வாதம் அதைச் சார்ந்து நிற்கவில்லை. தற்செயல் என்று வைத்துக்கொண்டாலும், அன்று இரண்டு வரிகளும் ‘யார் வரி கட்டத் தக்கவர்’ என்ற கேள்விக்கு ஒரே மாதிரி விடை சொல்லின என்பது மாறாது.

இனி இன்று நின்று பார்ப்போம். வருமான வரியில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாத வருமானம் 12 லட்சத்துக்கு ஏறிவிட்டது. தொழில் வரியின் மேல்படி இன்னும் ஆண்டுக்கு 1,50,000இலேயே தொடங்குகிறது. மூன்று மடங்காக இருந்தது எட்டில் ஒரு பங்காகிவிட்டது. ஏழாவது ஊதியக் குழுவின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய். ஆக, ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கடைநிலை ஊழியர் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே தன் துறைச் செயலாளரோடு ஒரே படியில் நிற்கிறார். படிகள் ஆறு இருந்தாலும், முழுநேர வேலையில் இருக்கும் பெரும்பாலோருக்கு உண்மையில் இருப்பது ஒரே படி. எல்லோரிடமும் ஒரே தொகையை வாங்கும் வரியைத் தலைவரி என்றே அழைக்க வேண்டும். தலைவரி தேய்வு வீத வரியின் மிகக் கடுமையான வடிவம்.

மாதம் 15,000 பெறுபவருக்கு 2,500 ரூபாய் என்பது ஆண்டு வருமானத்தில் 1.39 சதவீதம். மாதம் ஒன்றரை லட்சம் பெறுபவருக்கு 0.14. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 16(iii) பிரிவு, பழைய முறையில் வரி கட்டுவோர் தொழில் வரியைத் தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதித்தது. 30 சதவீத வரி வரம்பில் இருந்தவருக்கு இதனால் 750 ரூபாய் திரும்பக் கிடைத்தது. அவரது உண்மையான தொழில் வரி 1,750. வருமான வரியே கட்டாத தொழிலாளருக்கு இந்தக் கழிவால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு முழு 2,500. ஆகப் பழைய முறையில், தொகை அளவில்கூட, ஒப்பந்தத் தொழிலாளர் மேலாளரைவிட அதிகம் கட்டினார்.

ஐந்தாண்டுத் திருத்தம் எதைத் திருத்துகிறது?

என் வாசிப்புக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்றுண்டு. அட்டவணை உறைந்துகிடக்கவில்லை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி மன்றம் அதைத் திருத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்யும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது என்பார்கள். இந்த விதியை மேற்கோள் காட்டித்தான் முந்தைய ஆய்வுப்போக்கு தொழில் வரியைக் கடந்து சென்றிருக்கிறது. எனவே அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விதி சொல்வது இதுதான்: ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரியை 25 சதவீதத்துக்குக் குறையாமலும் 35 சதவீதத்துக்கு மிகாமலும் உயர்த்த வேண்டும். உயர்வது வரித்தொகை. வருமானப் படிகளின் எல்லைகளைப் பற்றி விதி பேசவில்லை. அவற்றைத் தொடும் அதிகாரம் ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ தரப்படவும் இல்லை. ஆகவே விலைவாசி ஏறும்போது இரண்டு காரியங்கள் ஒருசேர நடக்கின்றன. கூலி பெயரளவில் ஏறுவதால் தொழிலாளர் அடுத்த படிக்குத் தள்ளப்படுகிறார். அவர் நிற்கும் படியின் தொகையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஏறுகிறது. விலைவாசியின் விளைவைத் தணிக்கும் என்று நம்பப்பட்ட விதி அதை இரட்டிப்பாக்குகிறது.

சென்னை மாநகராட்சியின் தொகைகளை வரிசையாக அடுக்கினால் இது கண்கூடு. 75, 188, 390, 585, 810 என்று தொடங்கிய தொகைகள் ஒரு சுற்றில் 100, 235, 510, 760, 1,095 ஆயின. அடுத்த சுற்றில் 135, 315, 690, 1,025, 1,250. கடைசித் தொகை 35 சதவீதம் ஏறியிருந்தால் 1,478 ஆகியிருக்கும். 1,250இல் நின்றதற்குக் காரணம் அரசியலமைப்பின் 276ஆம் கூறு. ஒரு நபரிடமிருந்து ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அது கட்டுப்படுத்துகிறது. தொடக்கத்தில் 250 ரூபாயாக இருந்த இந்த வரம்பை 1988இல் அறுபதாவது திருத்தம் 2,500 ஆக்கியது. அதன்பின் அது அசையவில்லை.

2024இல் மாநகராட்சி மீண்டும் உயர்த்தியபோது நடந்ததுதான் முக்கியம். கீழ்ப் படிகள் மூன்றும் 35 சதவீதம் ஏறி 180, 425, 930 ஆயின. மேலே உள்ள இரண்டு படிகளும் 1,025, 1,250 என்று அப்படியே விடப்பட்டன. மேல்படி வரம்பைத் தொட்டுவிட்டது, அதை உயர்த்த முடியாது. நான்காவது படி ஏன் நின்றது? 1,025ஐக் குறைந்த அளவான 25 சதவீதம் உயர்த்தினாலே 1,281 வருகிறது, வரம்பைத் தாண்டிவிடுகிறது. இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். எண்கள் வேறு விளக்கத்துக்கு அதிகம் இடம்தரவில்லை. ஆக, திருத்த விதி இன்று தாழ்ந்த வருமானத்தாரின் மேல் மட்டுமே செயல்படக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது. 1998உடன் ஒப்பிட்டால் முதல் படியின் வரி 2.4 மடங்காகியிருக்கிறது. கடைசிப் படியின் வரி ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது.

இப்போது படி வாசல்களில் விகிதத்தை மீண்டும் கணக்கிடுவோம்: 0.86, 1.42, 2.07, 1.71, 1.67. உச்சம் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது. தமிழ்நாட்டின் தலைநகரில் தொழில் வரியின் மிக உயர்ந்த விகிதத்தைக் கட்டக் கடமைப்பட்டவர் மாதம் 7,500 ரூபாயைச் சற்றே தாண்டிய ஒருவர். முழுநேரக் கூலிகூட இல்லாத, பகுதிநேரத் துப்புரவு வேலைக்கோ கடை உதவிக்கோ போகிறவரின் வருமானம் அது. 45,000 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாய் அதிகம் ஈட்டினால் அவரது வரி 425இலிருந்து 930க்குத் தாவுகிறது. அடுத்த சுற்றில் இன்னொரு விந்தை காத்திருக்கிறது. 930ஐக் குறைந்த அளவில் உயர்த்தினாலும் 1,162 ஆகும். அதற்கு மேலே உள்ள படியோ 1,025இல் நிற்கும். கீழ்ப்படிக்காரர் மேல்படிக்காரரைவிட அதிகத் தொகை கட்ட வேண்டியிருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் இதை வளர்வீத வரி என்று அழைப்பதற்கு என்ன ஆதாரம் மிஞ்சுகிறது?

சம்பளச் சீட்டில்

ஒரகடம், மாத்தூர், வல்லம், இருங்காட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் வரியை வாங்குவது மாநகராட்சி அல்ல, ஊராட்சி. எந்த ஊராட்சி எத்தனை சுற்று உயர்த்தியிருக்கிறது என்பதில் வேறுபாடு இருக்கலாம். அது கீழ்ப்படிகளின் கதை. படிகளின் எல்லை மாநிலச் சட்டத்தில் இருப்பதால் ஆலைத் தொழிலாளர் எல்லோரும் மேல்படிக்காரர்கள். அந்தப் படி இரண்டே சுற்றில் 1,250ஐத் தொட்டுவிடக்கூடியது.

ஆண்டுக்கு 2,500 என்பது மாதத்துக்கு இருநூற்றுச் சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் பிடித்தம் மாதாமாதம் நடப்பதில்லை. பெரும்பாலும் அரையாண்டு முடியும் தறுவாயில் ஒரே மாதச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்கிறார்கள். 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் 1,800 வரை போகும், இ.எஸ்.ஐ. 112 ரூபாய் 50 காசு. இவை எல்லா மாதமும் உள்ளவை. அந்த ஒரு மாதம் கூடுதலாக 1,250 போகிறது. சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஊருக்குப் பணம் அனுப்பும் ஒடிசா, பிகார் தொழிலாளருக்கும், விடுதியில் தங்கி வேலை பார்த்துத் தம்பி தங்கையின் படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் அந்த மாதக் கணக்கு எப்படி முடியும் என்பதை வரி ஆய்வு பெரும்பாலும் கேட்பதில்லை. ஆண்டுச் சராசரி இந்தக் கேள்வியை மறைத்துவிடுகிறது.

அதே சம்பளச் சீட்டு இன்னொன்றையும் சொல்கிறது. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறது என்றால், அவர் மாதம் 21,000 ரூபாய்க்குள் ஈட்டுபவர், மருத்துவப் பாதுகாப்பு தேவைப்படும் குறைந்த ஊதியத் தொழிலாளர் என்று அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். தொழில் வரியின் விலக்கு எல்லையும் 21,000தான், ஆனால் ஆறு மாதத்துக்கு. அரசின் ஒரு கணக்கில் பாதுகாக்கப்பட வேண்டியவராக இருப்பவர் அடுத்த வரியில் உச்சப் படியில் வைக்கப்படுகிறார். 2024 செப்டம்பரிலும் அக்டோபரிலும் 37 நாள் வேலைநிறுத்தம் செய்த ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளரின் சராசரி ஊதியம் மாதம் 25,000 ரூபாய் அளவில் என்று செய்திகள் குறிப்பிட்டன. வட்டாரத்தின் நிலைமைக்கு அது நல்ல சம்பளம். அவர்களும் அதே ஆலை வளாகத்தைப் பெருக்கும் ஒப்பந்தப் பணியாளரும் தொழில் வரிக்கு ஒரே வர்க்கம்.

பிற மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது தவிர்க்க முடியாதது அல்ல என்பது தெரியும். கர்நாடகம் 2023 ஏப்ரலிலிருந்து மாதம் 25,000 ரூபாய்க்குக் கீழ் ஈட்டுபவர்க்குத் தொழில் வரி இல்லை என்று ஆக்கியது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மாதம் 15,000 வரை விலக்கு. குஜராத்தில் 12,000 வரை. மகாராஷ்டிரம் 25,000 வரை ஈட்டும் பெண்களுக்கு விலக்களித்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்திலும் ஹரியானாவிலும் இந்த வரியே இல்லை. கோலார் மாவட்டம் நரசாபுரத்தில் ஐபோன் பூட்டும் பெண்ணுக்கு மாதம் 20,000 சம்பளம் என்றால் தொழில் வரி ஒன்றுமில்லை. சுங்குவார்சத்திரத்தில் அதே போனை அதே சம்பளத்துக்குப் பூட்டும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 2,500. நொய்டா சாம்சங்கில் வேலை செய்பவருக்குப் பூஜ்யம், ஸ்ரீபெரும்புதூர் சாம்சங்கில் 2,500. சமூக நீதிக் கொள்கையில் மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டுவதாகப் பெருமைகொள்ளும் மாநிலத்தின் விலக்கு எல்லை மாதம் 3,500.

மறுப்புகளும் ஒரு மெய்யான சிக்கலும்

தொகை சிறியது என்ற மறுப்பில் எனக்கு மதிப்பில்லை. தொகை அவ்வளவு சிறியது என்றால் விட்டுக்கொடுப்பதும் எளிது. சில நிறுவனங்கள் தொழிலாளருக்காகத் தாமே கட்டிவிடுகின்றன என்பதும் பதில் அல்ல. முதலாளியின் நல்ல மனம் வரிக்கொள்கை ஆகாது. 2,500 ரூபாய் வரம்பு இருப்பதால் மேலே புதுப் படிகள் சேர்க்க முடியாது, அதனால்தான் அட்டவணை இப்படி என்பது பாதி உண்மை. வரம்பு உச்சத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. கீழ் எல்லையை உயர்த்த அது தடையல்ல. கர்நாடகம் அதே வரம்புக்குள்தான் உயர்த்தியது.

வரி கட்டுபவர் அதன் பயனை உள்ளூர்ச் சாலையாகவும் குடிநீராகவும் பெறுகிறார் என்ற வாதம் சற்றுக் கவனத்துக்கு உரியது. ஆனால் இந்த வட்டாரத்தில் அது பொருந்தாது. தொழில் வரி போவது வேலை செய்யும் இடத்தின் ஊராட்சிக்கு. தொழிலாளர் தூங்குவது வேறிடத்தில். சுங்குவார்சத்திரம் ஆலையில் வேலை செய்த பெண்கள் பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் உணவு நஞ்சானதை எதிர்த்து 2021 டிசம்பரில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது நினைவிருக்கும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்களுக்கான குடியிருப்பைச் சிப்காட் திறந்தபோதும் வேலையிடமும் இருப்பிடமும் ஒன்றாகிவிடவில்லை; நடுவே கம்பெனிப் பேருந்து ஓடுகிறது. வெளிமாநிலத்தவர் பலருக்கு இவ்விரு ஊராட்சிகளில் எதிலும் வாக்கும் இல்லை. பயன் ஓரிடம், வரி ஓரிடம், வாக்கு மூன்றாவது இடம் என்றால் பயனுக்கேற்ற வரி என்ற கொள்கைக்கு என்ன வேலை?

மெய்யான சிக்கல் ஊராட்சியின் வருவாய். கர்நாடகத்தில் தொழில் வரி மாநில அரசுக்குப் போகிறது. விலக்கு எல்லையை உயர்த்தினால் இழப்பு மாநிலக் கருவூலத்துக்கு. தமிழ்நாட்டில் அது உள்ளாட்சியின் சொந்த வருவாய். உள்ளாட்சிக்கு விட்டுக்கொடுத்தது நல்ல முடிவு, அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. சிப்காட் வளாகங்களை ஒட்டிய ஊராட்சிகள் ஆலைத் தொழிலாளரின் தொழில் வரியில் கணிசமான பங்கை இழக்கும்.

ஆனால் அந்த வருவாய் எவரிடமிருந்து வரவேண்டும் என்ற கேள்வி முன்னால் நிற்கிறது. 276ஆம் கூறு ‘ஒரு நபர்’ என்று சொல்லும்போது கம்பெனியும் அதில் அடங்கும். பல நூறு ஏக்கரில் ஆலை நடத்தும் கார் நிறுவனம் ஓர் ஊராட்சிக்கு ஆண்டுக்குத் தரவேண்டிய தொழில் வரிக்கும் உச்சம் 2,500 ரூபாய்; அதன் கழிவறையைக் கழுவுபவர் தரும் அதே தொகை. ஆலைக் கட்டடங்களின் மீதான வீட்டு வரியை ஒழுங்காக மதிப்பிட்டு வாங்குவதும், மாநில நிதி ஆணையத்தின் பங்கீட்டில் இழப்பை ஈடுசெய்வதும் ஊராட்சிக்கு நேர்மையான மாற்று. முதல் வழி உள்ளூரில் கடினம் என்பதை அறிவேன். பெரிய ஆலையிடம் வரி கேட்பதற்கு ஊராட்சித் தலைவருக்குத் துணிவு வேண்டும், தொழிலாளரிடம் வாங்குவதற்குச் சம்பளப் பிடித்தம் போதும். அந்த எளிமைக்காகவே ஏழையிடம் வாங்கிக்கொண்டிருப்பது நியாயமாகாது.

என்ன எல்லை வைப்பது? தொழில்துறைத் தொழிலாளருக்கான நுகர்வோர் விலைக் குறியீடு 1998க்குப் பிறகு நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. படிகளின் எல்லைகளை வெறும் நான்கால் பெருக்கினாலே விலக்கு மாதம் 14,000 ஆகும், மேல்படி 50,000இல் தொடங்கும். ஒரகடத்து 15,000 ரூபாய்த் தொழிலாளர், சென்னைத் தொகைகளையே வைத்துக்கொண்டாலும், அரையாண்டுக்கு 1,250க்குப் பதில் 180 கட்டுவார். 1998இன் அட்டவணையை 1998இன் பொருளிலேயே காப்பாற்ற இதுவே குறைந்தபட்சம். என் பரிந்துரை ஒரு படி மேலே: இ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட எவருக்கும் தொழில் வரி இல்லை என்று விதிக்கலாம். புது வரையறை வேண்டாம், புதுச் சான்றிதழ் வேண்டாம்; சம்பளச் சீட்டில் ஏற்கெனவே இருக்கும் இ.எஸ்.ஐ. பிடித்தமே போதும். அதோடு ஐந்தாண்டுத் திருத்தம் தொகையைத் திருத்தும்போது படிகளின் எல்லையையும் திருத்த வேண்டும்.

ஜிஎஸ்டியில் ஒரு சிறு விலக்குக்கு எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதை விடுதி விவகாரம் காட்டியது. 2022 ஜூலையில் நாளுக்கு 1,000 ரூபாய்க்குக் கீழான தங்குமிடங்களின் விலக்கு நீங்கி 12 சதவீத வரி வந்தபோது வேலைக்குப் போகும் பெண்களின் விடுதிகளும் சிக்கின. 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அவை குடியிருப்பே என்று தீர்ப்பளித்தது; பின்னர் அதே ஆண்டு ஜூனில் ஜிஎஸ்டி மன்றம் கூடி, மாதம் 20,000 ரூபாய் வரையிலான, 90 நாளாவது தொடர்ந்து தங்கும் இடங்களுக்கு விலக்குப் பரிந்துரைத்தது. தொழில் வரியின் விலக்கு எல்லைக்கு எந்த மன்றமும் கூட வேண்டியதில்லை. சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா போதும்.

இதில் அவசரமும் இருக்கிறது. பதினைந்தாவது நிதி ஆணையம் 276ஆம் கூற்றின் வரம்பை ஆண்டுக்கு 18,000 ரூபாயாக உயர்த்தப் பரிந்துரைத்திருக்கிறது. உயர் வருமானத்தாரிடமும் கம்பெனிகளிடமும் உள்ளாட்சிகள் நியாயமாக வாங்க அது வழிசெய்யும். அந்த அளவில் வரவேற்கத்தக்கது. ஆனால் 75,000 ரூபாயில் தொடங்கும் மேல்படி அப்படியே இருக்க, வரம்பு மட்டும் உயர்ந்தால், புதிய தொகை முதலில் இறங்குவது மாதம் 12,500க்கு மேல் வாங்கும் ஒவ்வொருவர் தலையிலும்தான். வரம்பைப் பற்றி நாடாளுமன்றம் முடிவெடுக்கும் முன்பே படிகளின் எல்லையைத் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தியாக வேண்டும். வரிசை மாறினால் ஒரகடத்து ஒப்பந்தத் தொழிலாளரின் ஒரு மாதச் சம்பளத்தைவிடப் பெரிய தொகையைத் தொழில் வரியாகக் கேட்க அரசியலமைப்பில் தடை இருக்காது.